ஸெல்மொக்கன் வராத படம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டில் ஒரு குறையும் இருக்காது. மீன் தலை, கோழிக் கால், வட்டிலப்பத்தின் நடுத்துண்டு எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான். கஷ்டம் தொடங்குவது சாப்பிட்டு முடிந்து கை கழுவிய பிறகு. மாமனாரோடு உட்கார்ந்து என்னத்தைக் கதைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் திண்டாடிய மாப்பிள்ளைகள் கல்முனைக் கரை முழுக்க இருக்கிறார்கள். ஆனால் விடை தேடி விண்வெளிவரை போய் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மருதமுனைக்காரன், நெசவுக் குடும்பம். நெல்லைப் பற்றி அது சோறாகிக் கோப்பைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்த கையோடு சாய்ந்தமருதில் பரீதாவைக் கட்டி வைத்தார்கள். அவளுடைய வாப்பா மீராலெவ்வை வட்டவிதானை. வட்டவிதானை என்றால், வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுப்பவர். போகம் தொடங்குமுன் வெள்ளாமைக்காரர் எல்லோரும் கூடிக் கைதூக்கி அவரைத் தெரிவு செய்வார்கள். மாமாவுக்கு எதிராக அதுவரை ஒரு கையும் எழும்பியதில்லை. அவருக்கு உலகத்தில் கதைப்பதற்கு ஒரே ஒரு விசயம்தான் இருந்தது. அது தண்ணீர்.

"மருமகன், கீழ் வாய்க்கால்ல தண்ணி ரெண்டு விரல் கொறஞ்சி போச்சி."

"ஓம் மாமா."

"ராவையில மதகுப் பலகையத் தூக்கித்தான் மேல் கண்டத்து வயலுக்குத் திருப்பி இரிக்கான்."

"ஓம் மாமா."

"ஆரெண்டு நினைக்கிறீங்க?"

"ஓம் மாமா."

இப்படியே சில கிழமை போனது. ஒருநாள் பரீதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இஞ்சருங்க, மாப்பிளைக்குக் காது கேக்குமா எண்டு வாப்பா உம்மாட்டக் கேட்டிரிக்காங்க" என்றாள். அன்றைக்கே மானம் போய்விட்டது. இனி எதையாவது கதைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு கதை.

அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கொழும்பில் பயிற்சிக்கு நின்ற காலத்தில் ஒரு விண்வெளிப் படம் அமோகமாக ஓடியது. நான் போன அன்று டிக்கெட் முடிந்துவிட்டது. தியேட்டருக்கு எதிரே நடைபாதையில் அதே படத்தின் பெயரோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அட்டையிலும் அதே கதாநாயகன், அதே விண்கப்பல். பிறகென்ன, படத்தைத்தான் அச்சடித்து விற்கிறார்கள் என்று வாங்கிவிட்டேன். பெயருக்குக் கீழே 'புத்தம் புதிய சாகசம்' என்று போட்டிருந்தது. (எழுத்துச் சின்னது என்று சொல்லித் தப்ப முடியாது, தெளிவாகத்தான் இருந்தது. நான் அதை விளம்பரம் என்று நினைத்தேன்.)

இப்போது எனக்கு விவரம் தெரியும். ஒரு படம் நன்றாக ஓடினால் அதன் பெயரை வைத்து மேற்கொண்டு நாவல் எழுதுவார்கள். படத்து வில்லன் படத்திலேயே செத்திருப்பான். நாவலுக்கு வேறொரு வில்லன் வேண்டும். அவனைத் திடீரென்று எங்கிருந்து இறக்குவது? ஆகவே, 'இவன் அப்போதே இருந்தான், படத்தில் நடந்த அநியாயத்துக்கெல்லாம் பின்னால் நின்றவனே இவன்தான், யாரும் கவனிக்கவில்லை' என்று எழுதிவிடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு வந்து நின்று, எல்லாம் தான்தான் முன்னின்று செய்ததாகச் சொல்லும் சொந்தக்காரரைப் போன்றவன் அவன். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

நாவல் வில்லனின் பெயர் ஸெல்மொக். மூன்று கண், பச்சைத் தாடி, வலது கைக்குப் பதிலாக இரும்புக் கொக்கி. கிரகம் கிரகமாகப் போய்த் தண்ணீரைத் திருடுவதுதான் அவன் தொழில்.

அன்று இரவுச் சோறு முடிந்ததும் மாமாவிடம் மெதுவாகத் தொடங்கினேன். "மாமா, கொழும்பில ஒரு படம் பாத்தன். அதில ஒருத்தன் உலகத்துத் தண்ணியெல்லாம் களவெடுக்கிறான்."

மாமா வெற்றிலையை வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். "தண்ணியயா?"

"ஓம் மாமா." (இந்தத் தடவை சரியான இடத்தில் விழுந்தது.)

"நீங்க கண்ணால பாத்த?"

பார்க்கவில்லை, படித்தேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திராது. புது மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா? "மூணு தரம் பாத்தன் மாமா" என்றேன்.

அன்றிலிருந்து என் மதிப்பு ஏறியது. மாமா பள்ளியில் இஷா தொழுத கையோடு கதை கேட்க ஓடிவந்துவிடுவார். கேள்விகளும் கேட்பார். "எத்தன மதகு? பலகையா இரும்பா? காவலுக்கு ஆள் போடல்லியா?" நாவலில் ஸெல்மொக் ஒரு பெரிய குழாயால் கடலை உறிஞ்சுவான். அதில் மாமாவுக்குத் திருப்தியில்லை என்று கண்டதும் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு மதகும் பலகையும், வரப்பை வெட்டி நீர் விடும் வக்கடையும் வைத்தேன். படத்திலிருந்து நாவல் முளைத்ததுபோல் நாவலிலிருந்து என் கதை முளைத்தது. ஸெல்மொக் என்ற பெயர் மாமாவின் வாயில் ஸெல்மொக்கன் ஆனது.

இதற்கிடையில் வயல் வட்டையில் நிலவரம் மோசமாகிக்கொண்டிருந்தது. சிறுபோகத்துப் பயிர் எல்லோருக்கும் மஞ்சளித்தது. மேல் கண்டத்தில் அலியாரின் வயல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அலியார் மாமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர்தான் பலகையைத் தூக்குகிறார் என்பது மாமாவின் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் முடியவில்லை. தண்ணியக் காக்க ஏலாத வட்டவிதானை நமக்கென்னத்துக்கு என்று சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த போகத்துக்கு வட்டவிதானையைத் தெரிவு செய்யும் கூட்டம் அடுத்த கிழமை. இந்தத் தடவை தனக்குக் கை எழும்புமா என்று மாமா முதன்முதலாகப் பயந்தார். சரியாகச் சாப்பிடவுமில்லை.

ஒரு வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வர, வாசலில் மாமா சிரித்த முகத்தோடு நின்றார்.

"மருமகன், நாளைக்கி ஜும்ஆவுக்குப் பொறகு நம்மட ஊட்ட படம். கல்முனையில வீடியோ டெக்குக்குச் சொல்லிட்டன். உங்கட படம்தான்! கசெட் கிடைச்சிட்டுது. வட்டைச் சனம் எல்லாரையும் வரச் சொல்லிரிக்கன். அலியாரையும்தான். தண்ணி களவெடுத்தவனுக்குக் கடைசியில என்ன நடக்குதெண்டு முன்னால இருத்திக் காட்டப் போறன். நீங்க பக்கத்தில நிண்டு தமிழில சொல்லுங்க."

எனக்குச் சந்தோசம்தான். அந்தப் படத்தை நானும் இன்னும் பார்க்கவில்லையே.

வெள்ளிக்கிழமை ஹோல் நிறைந்து வழிந்தது. யன்னல்களுக்குச் சாரன் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். பெண்கள் உள்ளறைத் திரைக்குப் பின்னால். தொலைக்காட்சிப் பெட்டி பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் புது மாப்பிள்ளையைப்போல் வீற்றிருந்தது. அதன் பக்கத்தில் நிசப் புது மாப்பிள்ளை நான், கையில் பிரம்போடு. முன்வரிசை நடுவில் அலியார், பக்கத்தில் அவருடைய பெண்சாதியின் தம்பி. அலியாருக்கு மட்டும் சாய்மனைக் கதிரை, மாமாவின் ஏற்பாடு.

படம் தொடங்கியது. ஒரு விண்கப்பல் போனது. இன்னொரு விண்கப்பல் வந்தது. சுட்டார்கள். கதாநாயகன் ஓடினான். நேரம் போகப் போக எனக்கு வேர்க்கத் தொடங்கியது. படத்தில் ஸெல்மொக் இல்லை. ஸெல்மொக் கிடக்கட்டும், தண்ணீரே இல்லை. ஒரு மனுசன் தாகத்துக்குக்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சண்டையெல்லாம் ஏதோ ஓர் இயந்திரத்துக்காக நடந்தது. இடையில் மொட்டைத் தலையோடு ஒரு கெட்டவன் வந்தான்.

"ஆ! இவன்தான்!" என்று பிரம்பை நீட்டினேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "ஒரு கண் கொறையிது மருமகன்."

"தாடியுமில்ல" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மாமா ஊர் முழுக்க அடையாளம் சொல்லி வைத்திருந்தார்.

"இவன் ஸெல்மொக்கிட ஆள். ஸெல்மொக்தான் அனுப்பியிருக்கான்" என்றேன். மொட்டையன் ஆங்கிலத்தில் இயந்திரத்தைப் பற்றிக் கத்தினான். "பலகையத் தூக்குங்கடா எண்டு சொல்லுறான்" என்று மொழிபெயர்த்தேன். கதாநாயகி அழுதாள். "பயிர் காயிது எண்டு அழுறா." சனம் உச்சுக்கொட்டியது. மாமா அலியாரைத் திரும்பிப் பார்த்தார். அலியார் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

அஸருக்குப் பாங்கு சொன்னதும் படத்தை நிறுத்திவிட்டுத் தொழுதோம். மின்சாரம் போக வேண்டும் என்று அன்று நான் கேட்டதுபோல் உருக்கமாக வாழ்க்கையில் எந்த துஆவும் கேட்டதில்லை. நாளுக்கு நாலு தடவை போகிற கரண்ட் அன்றைக்கென்று அசையாமல் நின்றது.

கடைசியில் விண்கப்பல் வெடித்தது. மொட்டையன் செத்தான். கதாநாயகனும் கதாநாயகியும் கட்டிப்பிடித்தார்கள். (திரைக்குப் பின்னால் மாமி இருமினார்.) பாட்டோடு ஆங்கில எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கின.

"ஸெல்மொக்கன் எங்க?" என்றார் மாமா.

"அவன்... இந்த நேரம் அவன் கிரகத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறான் மாமா."

"அந்தப் பக்கத்தப் போடச் சொல்லுங்க."

உடனே யோசனைகள் பறந்தன. "கசெட்டத் திருப்பிப் போடுங்க, மத்தப் பக்கத்தில இரிக்கும்" என்றார் ஒருவர், பாட்டுக் கசெட் நினைவில். டெக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கசெட்டைக் குப்புறப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்து, அது போகாது என்று கண்ட பிறகுதான் சனம் ஓய்ந்தது. பிறகு எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின.

நான் உண்மையைச் சொன்னேன். பாதி உண்மை. "அவன் படத்தில இல்ல. புத்தகத்தில இரிக்கான். ஆனா படத்தில நடந்த எல்லாத்துக்கும் பின்னால அவன்தான். திரையில காட்டல்ல, அவ்வளவுதான்."

அலியார் மெதுவாகச் சாய்மனையை விட்டு எழும்பினார். "அப்ப ஆரும் அவனக் காணல்ல?"

"இல்ல."

"களவெடுத்தத்தயும் ஆரும் காணல்ல?"

"இல்ல..."

"மருமகன் மட்டும் சொல்லுறார்." அலியார் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். "இதத்தான் வாப்பாமாரே நானும் சொல்லுறன். ஆரும் காணல்ல. வட்டவிதானை மட்டும் சொல்லுறார். ஒரு மனுசன்ட தலையில பழி போடுறத்துக்கு இது போதுமா?"

"அதுவும் சரிதான்" என்றது ஒரு குரல். "ஓம், அலியார் சொல்லுறத்தில ஞாயம் இரிக்கி" என்றது இன்னொன்று. மாமாவின் முகம் கறுத்துப் போனது. அடுத்த கிழமைக் கூட்டம் என் கண் முன்னாலேயே நடந்து முடிவதுபோல் இருந்தது. நான் வாயைத் திறந்ததால் ஒரு நல்ல மனிதருடைய பதவி போகிறதே என்று அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கதையும் வரும்.

"அவன் செஞ்சது எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். "ராவையில தனிய வந்தான்! ஒத்தக் கையால மதகுப் பலகையத் தூக்கினான்! ஒரு நிமிசத்தில தண்ணியத் திருப்பிட்டுப் போயித்தான்!"

அலியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒத்தக் கையாலயா? தம்பி, நீங்க தறி மிதிச்ச ஊரு, உங்களுக்கு என்ன தெரியும்? தண்ணியில ஊறின பலகை ஒத்தக் கைக்கி வருமா? என்ட மச்சானும் நானும் ரெண்டு பேர் நிண்டு, இரும்பு அலவாங்கு போட்டு நெம்பியும் ஒரு சாண்தானே எழும்பின!"

அவ்வளவுதான். அலியார் தன் வாயைத் தானே கையால் பொத்தினார். அலவாங்கு பிடித்த மச்சான் எழுந்து, செருப்பைத் தேடாமலே வாசலால் போனார்.

மாமா வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். "மருமகன், டீவிய நிப்பாட்டுங்க. ஆள் வந்திட்டான்."

"அல்லாவே, நான் புத்தகத்தில உள்ளதச் சொன்னன்!" என்று அலியார் அலறியது யார் காதிலும் விழவில்லை. அப்படிச் சிரித்தது சனம்.

அடுத்த கிழமை மாமாவுக்காக எல்லாக் கைகளும் எழும்பின. அலியாரும் தூக்கினார், எல்லாருக்கும் முந்தி. அன்றிலிருந்து அவர் சாகும்வரை ஊரில் அவருக்கு ஸெல்மொக்கன் என்றுதான் பெயர். மாமா வீட்டில் திரும்பவும் வயிறாரச் சாப்பிட்டார். எனக்குப் பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. படம் ஓடிய அன்று இரவு, மாமி, மச்சினிச்சி எல்லோரும் இருக்க, பரீதா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"இஞ்சருங்க, கொழும்பில மூணு தரம் பாத்தண்டு சொன்னீங்களே, அது படத்திலயா, புத்தகத்திலயா?"

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடினார்.

அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை. சந்தையில் நல்ல மீன் இல்லை என்று வெறுங்கையோடு வந்தால், "படத்திலயா, புத்தகத்திலயா?" சீனி போடாமல்தான் தேத்தண்ணி குடிக்கிறேன் என்று டொக்டரிடம் சொன்னால், பக்கத்துக் கதிரையிலிருந்து, "படத்திலயா, புத்தகத்திலயா?" பிள்ளைகள் பேசப் பழகியதும் இதைத்தான் பழகினார்கள்.

பிறகு என் மகளைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தார். நல்ல பிள்ளை. சாப்பிட்டு முடிந்ததும் என் எதிரே உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் "ஓம் மாமா, ஓம் மாமா" என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவரைச் சிரிக்க வைப்போம் என்று இந்தக் கதையைத் தொடங்கினேன். கள்ளனைப் பிடிப்பதற்கென்றே நான் எப்படித் திட்டம் போட்டுப் படம் காட்டினேன், ஒரு வக்கீலைப் போலக் கேள்வி கேட்டு எப்படி அலியாரின் வாயைக் கிளறினேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

பரீதா குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மருமகன், மாமா சொல்லுறது புத்தகம். படத்த நான் சொல்லுறன், இரிங்க."

உட்கார்ந்து சொன்னாள். வாப்பா சந்தேகப்பட்டதைச் சொன்னாள். டெக் வந்ததைச் சொன்னாள். சாய்மனைக் கதிரை, முறுக்கு, கசெட்டைக் குப்புறத் தள்ளியது, அலவாங்கு, ஓடிப்போன மச்சான், ஒன்றையும் விடவில்லை. மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொறகு மாமி? பொறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் என் இடம் வரட்டும் என்று கடைசிவரை காத்திருந்தேன். அந்தப் படத்தில் நான் ஓரிடத்திலும் வரவேயில்லை.