முதல் விசுவாசி யார்?

சபை சரித்திரக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரில் ஒரு கோயிலோ பள்ளிக்கூடமோ நூறு வயதைத் தொடப்போகிறது என்ற பேச்சு அடிபட்டால் போதும், மழை விட்டதும் கிளம்பும் ஈசலைப் போல வந்துவிடுவார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பழுப்பேறிய ஃபைல், வாயில் "ஆதாரம் இருக்குதுங்க" என்ற ஒரே வாக்கியம். ஆதாரத்தை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார்.

தாராபுரத்துக்கு வடக்கே ஒரு சிற்றூர். அங்கிருந்த பிரஸ்பிட்டேரியன் சபைக்கு 1992இல் நூறு வயது. நூற்றாண்டு மலர் எழுதும் பொறுப்பை ஓய்வுபெற்ற வாத்தியார் ஜீவரத்தினத்திடம் யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். எழுத எழுத அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. நூறு வருடமாகச் சபையில் நடந்ததெல்லாம் அவர் குடும்பத்தில்தான் நடந்திருக்கிறது! முதல் விசுவாசி அவருடைய தாத்தா ஆபிரகாம், முதல் ஆர்மோனியம் வாசித்தவர் சித்தப்பா, ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது அத்தை, கொள்ளைநோய் வந்தபோது ஜெபித்தே ஊரைக் காப்பாற்றியவர் பெரியப்பா. மற்றவர்கள்? "சபையார் திரளாகக் கலந்துகொண்டனர்" என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலாத்தாள் அவர் வீட்டுக்கு வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள்.

"ஏனுங்க வாத்தியாருங்க, மொதல்ல ஞானஸ்நானம் எடுத்தது எங்க அப்புச்சி, எங்கம்மாவைப் பெத்த கன்னையனுங்க. கோயிலுக்குப் பின்னால இருக்கற கெணறும் அவரு வெட்டினதுங்க. ஒரே ஒரு வரி போட்டுடுங்க. எங்கம்மா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா."

"பதிவேட்டுல மொதப் பேரு ஆபிரகாம்னு இருக்குது வேலாத்தா. ஆபிரகாம் எங்க அப்பாரு, எங்கப்பாவைப் பெத்தவரு. ஆதாரம் இருக்குது."

வெள்ளைக்காரப் பாதிரியார் தண்ணீர் தெளித்தவர்களில் பாதிப்பேருக்கு ஆபிரகாம் என்றே பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். வாத்தியாரின் தாத்தா பதினான்கு வருடம் கழித்து வந்த ஏழாவது ஆபிரகாம். முதல் ஆபிரகாமுக்குப் பக்கத்திலேயே "முன்பு கன்னையன்" என்று எழுதியிருந்தது. வாத்தியார் அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் படித்தார்.

வேலாத்தாள் விடவில்லை. மூப்பர்கள் கூட்டத்துக்கே போய்விட்டாள். போதகர் பதிவேட்டோடு பழைய கூட்டக் குறிப்பேட்டையும் எடுத்துவரச் சொல்லி, உரக்க வாசித்தார்: "முதல் விசுவாசி ஆபிரகாம், மாரியம்மன் நோன்பியில் கள் குடித்து ஆடினபடியால் மூன்று மாதம் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டான்." அடுத்த வருடமும் அதே குறிப்பு. அதற்கடுத்த வருடமும்.

ஜீவரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். "அது எங்க அப்பாரு இல்லீங்க! முன்பு கன்னையன்னு பளிச்சுனு போட்டிருக்குது பாருங்க. வேலாத்தா, உங்க அப்புச்சியேதான்!"

நூறு வருடச் சரித்திரம் ஒரு நிமிடத்தில் திருந்தியது. வேலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடிச்சாருங்க சாமி. கெணறும் அவருதானுங்க வெட்டினாரு. ரெண்டையுமே போட்டுக்குங்க."

போட்டார்களா? வழவழப்பான தாளில் மலர் வந்தது. "முதல் விசுவாசியின் பெயர் காலவெள்ளத்தில் மறைந்துபோனது" என்றது மூன்றாம் பக்கம். அடுத்த வரியில் வாத்தியாரின் தாத்தா, "பெயர் தெரிந்த முதல் விசுவாசி"யாகப் படத்துடன் வீற்றிருந்தார். கிணறு? "கர்த்தர் அருளிய ஊற்று."

நூற்றாண்டு விழா ஆராதனை முடிந்ததும், மாலையும் சால்வையுமாக நின்ற வாத்தியாரிடம் வேலாத்தாள் மலரை விரித்தபடி வந்தாள். ஆத்திரத்தில் கிணற்று வரியை விரலால் குத்திக் காட்டினாள். மரியாதை மட்டும் குறையவில்லை.

"ஏனுங்க வாத்தியாருங்க, கர்த்தருக்குக் கடப்பாரை எடுத்துக் குடுத்ததும் உங்க அப்பாருதானுங்களா?"

வாத்தியாருக்கு அவசரமாக வேறு யாரையோ பார்க்கவேண்டியிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் தாத்தா ஊருக்குச் செய்ததையெல்லாம் பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் சொல்கிறீர்களே, அவரோடு நின்று வேலை செய்தவர்களில் ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.