கடப்பாக் கல்லுக்குப் புளி

புது மருமகள் நல்ல பெயர் வாங்க ஆசைப்படலாம். யாரும் சொல்லாத வேலையை இழுத்துப் போட்டுச் செய்து வாங்க நினைக்கக் கூடாது. நான் நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். வில்லியனூரில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் கடப்பாக் கல் போட்ட சமையல் மேடை என் மாமியார் வீட்டில்தான் வந்தது. (பார்க்க வந்த கூட்டத்துக்குக் காபி போட்டே எனக்குக் கை ஓய்ந்தது.) முகம் தெரிகிற கறுப்பு. மாமியார் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவார், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை.

நாத்தனார் கலாவைப் பெண் பார்க்கப் பாகூரிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் வீடே பதைப்பில் இருந்தது. அன்று காலை மாமியார் பூ வாங்கப் போன நேரத்தில், குத்துவிளக்கு தேய்த்து மிச்சமான புளி என் கண்ணில் பட்டது. பித்தளையே தங்கமாக மின்னும்போது கல் எப்படி மின்னும்? மேடை முழுக்க அப்பி, ஊறட்டும் என்று தலை பின்னப் போனேன். (அறிவாளி.)

கழுவினால் கல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தேமல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். கறுப்பு திரும்பி வந்ததும் பிழைத்தோம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்கு முன்னால் சமையலறையைப் பார்க்கிற ரகம். கேசரித் தட்டோடு உள்ளே வந்தவர் அதை மேடைமேல் வைத்தார். தண்ணீர் வடியட்டும் என்று கொத்தனார் கல்லைச் சற்றே சரித்து வைத்திருந்தார். தட்டு யாரும் தொடாமலே நிதானமாக நகர்ந்து போய்த் தொட்டிக்குள் விழுந்தது. நாங்கள் எல்லோரும் நின்று வழியனுப்பி வைத்தோம்.

அந்த அம்மா கல்லைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த துணியால் அழுத்தித் துடைத்தார். தேமல் பல்லிளித்தது.

"இன்னாமா இது, புளி போட்டது யாரு?"

 என்னால் கலா கல்யாணம் போச்சு.

"நான்தாங்க" என்றார் மாமியார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வூட்லயும் இதே கதிதான். நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன். வந்து பாத்துட்டுப் போங்க, சம்மந்தி."

கல்யாணம் நடந்தது. பாகூரில் மாமியாருக்குப் 'புளி சம்மந்தி' என்றே பெயர். விசேஷம் எதுவானாலும் அந்தக் கதையை அவரேதான் சொல்லுவார். தலை பின்னப் போனதைக்கூடத் தானே போனதாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நான் வாயைத் திறந்தால், "நீ சும்மா கெடடி" என்பார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. கலாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"எங்க அம்மா கதைய உங்க கதைன்னு சொல்றீங்களே அண்ணி, நல்லாவா இருக்கு?"