பயன்பாட்டில் இல்லாத நிலம்

பள்ளியிலும் கல்லூரியிலும் பார்த்து எழுதி நான் ஒருமுறைகூட மாட்டியதில்லை. மாட்டியது வேலைக்குப் போன பிறகுதான். அதுவும் ஊரே கூடிய கல்யாண மண்டபத்தில், என் சொந்த அக்கா முன்னால்.

அப்போது சென்னையில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம். ஒரு சுரங்கமோ ஆலையோ வந்தால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மக்களுக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. திருவரங்குளம் பக்கம், புறம்போக்கு நிலத்துக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. "அது எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் சார், நானே போறேன்" என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். (மண்பற்று இல்லை. அக்கா வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு.)

அந்த நிலத்தில் பத்து நிமிடம் வெயிலில் நின்றேன். செல்போனில் நான்கு படம் எடுத்தேன். பிறகு நேராக அக்கா வீட்டுக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்டுடா போயிட்டு வாரே?" என்றாள் அக்கா.

"சும்மா ஆபீஸ் வேலை. ஒரு பொட்டக்காடு" என்றேன், எலும்பைக் கடித்தபடி.

சென்னை திரும்பியதும், வடக்கே ஏதோ ஒரு காட்டுக்கு எங்கள் ஆபீஸ் முன்பு எழுதிய சுரங்க அறிக்கையைத் திறந்து ஊர்ப் பெயரை மாற்றினேன். நானாக எழுதியது ஒரே வரி: 'பொது நிலம், எந்தப் பயன்பாட்டிலும் இல்லை.'

கருத்துக் கேட்புக் கூட்டம் அந்த ஊர் மண்டபத்தில் நடந்தது. கடலை விவசாயி ஒருவர் மைக்கைப் பிடித்து என் அறிக்கையை வாசித்தார். "'மாலை நேரங்களில் யானைக்கூட்டம் கடந்து செல்லும்'னு போட்டிருக்கீங்க. எங்க ஊருக்குத் திருவிழா சமயத்துல லாரியில ஒரு யானை வரும்ங்க. கூட்டமால்லாம் வராது."

மண்டபம் குலுங்கியது. மேடையில் இருந்த அதிகாரிகூடப் பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டார்.

நான் எழுந்து, "எழுத்துப்பிழைங்க" என்றேன். (யானை, எழுத்துப்பிழை.) அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "எப்படியும் மேல நிலத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க, கீழதான் தோண்டுவாங்க" என்று சேர்த்துச் சொன்னேன்.

பெண்கள் வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை.

"கீழதான்டா அவ இருக்கா."

அக்காவுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒன்பது நாள்தான் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. எனக்கு அப்போது செமஸ்டர் பரீட்சை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தேன். எங்கே புதைத்தார்கள் என்று கேட்கக்கூட இல்லை.

கூட்டம் முடிந்ததும் அக்கா என்னைக் கூட்டிப்போனாள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை விலக்கி நடந்தாள். (படத்தில் ஆடு விழாதபடி அன்றைக்கு நான் தள்ளி நின்று எடுத்திருந்தேன்.) அன்று நான் கார் நிறுத்திய இடத்திலிருந்து இருபது தப்படி இருக்கும். ஓர் இலந்தைச் செடி, வேறு அடையாளம் இல்லை.

"இங்கதான். ஊருல பச்சப்புள்ளைக போனா எல்லாத்தையும் இங்கிட்டுத்தான் கொண்டாருவாக" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அறிக்கையை மறுபடி எழுதினேன். இந்த முறை நான்கு நாள் தங்கி, கிணறுகளை எண்ணி, நிலம் உள்வாங்கினால் கண்மாய்க்கு வரும் தண்ணீர் என்ன ஆகும் என்று விசாரித்து எழுதினேன். குழந்தைகளை அடக்கம் செய்யும் இடம் என்று ஒரு வரியும் சேர்த்தேன், அக்காவிடம் சொல்லிவிட்டே சேர்த்தேன். மேனேஜர் படித்தார். "ரெக்கார்டுல மயானம்னு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அந்த வரியை அடித்தார். அந்த வரி இல்லாமலே அறிக்கையை அரசுக்கு அனுப்பிவைத்தேன்.

பிறகு கம்பெனியே ஏதோ காரணத்தால் திட்டத்தைக் கைவிட்டது. நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் மச்சான் கேட்பார், "வழியில யானை மறிச்சுச்சா மாப்ள?" வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள்.

போன பொங்கலுக்கும் அப்படித்தான் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பாவப் பத்தி எழுதுனேன்னு சொன்னியே, அந்தக் காயிதம் இன்னும் கவர்மெண்டுல இருக்கும்ல?"

"இருக்கும்க்கா" என்றேன்.