கேட்டாவருமாவும் கிழக்குச் சுவரும்

ஆவணி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் விடிவதற்கு முன் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியதும் அணைத்தேன். முந்தைய நாள் டைரியை ஒருமுறை வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். சட்டைப் பையில் இரண்டு பேனா, கைக்குட்டை, அலுவலகச் சாவி எல்லாம் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, காரைக்குடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸுக்குப் போனேன். எதிர் நாற்காலியில் கேட்டாவருமா உட்கார்ந்திருந்தார்.

பூமியில் இதுவரை பிறந்த மனிதர்களில், இட்லியைக் கேட்பதற்கு முன்னால், இட்லி கேட்டால் வருமா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் உண்டு. அதை எழுதுகிற எனக்கே அடிக்கடி மறந்துபோகும்.

"முருகேசா, இட்லி, வடை, காப்பி மூணும் ஒண்ணாக் கேட்டா வருமா?"

"வரும்ண்ணே. கொண்டாரவா?"

"இன்னும் கேக்கல. வருமான்னுதான் கேட்டேன்."

பரிமாறுகிற முருகேசன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வடை இப்போதுதான் எண்ணெயில் கிடக்கிறது, இட்லியையும் காப்பியையும் முதலில் வைக்கட்டுமா என்பான். அப்படியானால் எதுவுமே வேண்டாம் என்பார் இவர். வந்தால் மூன்றும் ஒன்றாக வர வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே வரக் கூடாது. எத்தனையோ காலைகளில் நான் சாப்பிட, அவர் கொள்கையோடு பட்டினியாக உட்கார்ந்திருப்பார். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

அவருடைய தொழில் அவரை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவராக இருந்ததால் அந்தத் தொழில் அவரைப் பிடித்துக்கொண்டதா என்பது எனக்கு இன்றும் குழப்பம். கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் பெரிய திரை வைத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் டிரைவர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதைச் சரிசெய்வது அவர் வேலை.

அவர் எனக்கு விளக்கியதை அவ்வப்போது டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். திரையில் நாம் பார்ப்பது ஒரே படம் இல்லையாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, வீடியோவுக்கு ஒரு தாள், எழுத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளுக்கும் குணங்கள் உண்டு. எது மேலே, எது கீழே, எவ்வளவு மங்கல், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அவற்றில் சிலவற்றை நாம் மாற்றலாம். சிலவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ள மட்டும்தான் முடியும், மாற்ற முடியாது. மாற்றுவதற்கு முன், மாற்றினால் ஒத்துக்கொள்வாயா என்று டிரைவரிடம் கேட்கலாம். அது ஆம் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். அதில் ஒன்றை அது மறுத்தாலும் எல்லாம் பழையபடியே இருக்கும்.

"ஒண்ணு பழசு, இல்லாட்டிப் புதுசு. நடுவுல ஒரு கோலத்தை ஆளுகளுக்குக் காட்டக் கூடாதுண்ணே" என்பார்.

இதில் அவர் சமரசமே செய்துகொண்டதில்லை. சலூனில் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டத் திருப்பி வைத்துக்கொண்டுதான் முடி வெட்டிக்கொள்வார். பாதி வெட்டிய தலையை யாரும் பார்க்கக் கூடாது, தலைக்குச் சொந்தக்காரர் உட்பட. பஸ்ஸில் கண்டக்டரிடம், கண்டரமாணிக்கம் விலக்கில் நிறுத்தச் சொன்னால் நிற்குமா என்று விசாரிப்பார். கண்டக்டர் விசில் ஊதுவார். வண்டி நிற்கும். நான் இன்னும் சொல்லவில்லையே என்பார் இவர். அதற்குப் பிறகு அந்த வண்டியில் எங்கள் இருவருக்கும் கிடைத்த மரியாதையை இங்கே எழுதுவதற்கில்லை.

அவருக்குப் பெண் பார்க்க நாச்சியாபுரம் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பெண் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெண்ணின் தகப்பனார் இவர் முகத்தைப் பார்த்தார். "நான் சம்மதம்னு சொன்னா நீங்க என்ன சொல்வீக?" என்று கேட்டார் இவர். அந்த மனிதர் சந்தோஷமாக எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். இவர் கையை விடுவித்துக்கொண்டு, "நான் இன்னும் சொல்லலீங்க" என்றார். திரும்பி வரும்போது எங்களுக்குக் கார் கிடைக்கவில்லை. மெயின் ரோடுவரை நடந்தோம். வழியெல்லாம், தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆட்களையும் அவர் அப்படித்தான் வகை பிரித்தார். எங்கள் முதலாளிக்குச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் திசையை மாற்ற முடியாதாம். எனக்கு என்ன குணம் என்று ஒருநாள் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "உங்களைப் படிக்கத்தான் முடியும்ண்ணே" என்றார். அது பாராட்டா, குறையா என்று தெரியாமலே டைரியில் எழுதிக்கொண்டேன்.

மெஸ்ஸில் இருந்து நேரே கீழச்சிவல்பட்டிக்குப் புறப்பட்டோம். சொக்கலிங்கம் செட்டியார் மகள் தேனம்மைக்கு அன்று கல்யாணம். கேட்டாவருமா எங்களோடு செய்த கடைசி வேலையும் அதுதான். அன்று ராத்திரியே பெங்களூருக்கு, புது வேலைக்குப் பஸ் ஏறுவதாக இருந்தார்.

செட்டியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்திருந்தார். அசையக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மகள் கல்யாணத்தை அவர் பார்க்க வேண்டும், கல்யாண வீடு அவரைப் பார்க்க வேண்டும். அதற்காக வளவில், அதாவது நான்கு பக்கமும் தூண் நிற்கிற அந்த நடு முற்றத்தின் மேற்குச் சுவரோரம், ஸ்டாண்டில் ஒரு பெரிய திரையை நிறுத்தி, அதன் தலையில் ஒரு கேமராவைப் பொருத்தினோம். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் செட்டியாரின் தம்பி மகன் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டியிருந்தான்.

படம் வந்தது. செட்டியார் படுத்திருந்தார். கீழே 'மணமக்கள் வாழ்க' என்று எழுத்து. எல்லாம் ஒரே மூச்சில் வந்ததில் கேட்டாவருமாவுக்குப் பெருமை.

செட்டியாரின் அக்கா உமையாள் ஆச்சி வந்தார். திரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னப்பா இது. என் தம்பிய வடக்க தலை வச்சுப் படுக்கப் போட்டிருக்கீக."

எனக்கு முதலில் புரியவில்லை. மேற்குச் சுவரைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் வடக்கு. படத்தில் செட்டியாரின் தலை வலது பக்கம் இருந்தது. மதுரைக்குப் போன் போட்டு விசாரித்தோம். நிஜத்தில் அவர் கிழக்கே தலை வைத்துத்தான் படுத்திருந்தார். அதைச் சொன்னேன். அங்கே எப்படியோ, கல்யாண வீட்டில் இங்கே வடக்கே இருக்கிறது என்றார் ஆச்சி. திருப்பூட்டு, அதாவது கழுத்துரு என்ற தாலியைக் கட்டுகிற நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும், முடியாவிட்டால் டிவியை அணைத்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. போனை அந்தப் பக்கம் வைக்கலாம் என்றால், கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவர்.

கேட்டாவருமா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சியை நிமிர்ந்து பார்த்தார். "இட வலமா மாத்துனா ஒத்துக்கிருவீகளா ஆச்சி? இன்னும் மாத்தல."

"மாத்திட்டுக் கேளு."

வீடியோத் தாளை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இட வலமாக மாற்றினார். எழுத்து அப்படியே நேராக நின்றது. தலை தெற்கே போய்விட்டது. வளவில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் செட்டியார், யாரோ தெரிந்தவரைக் கண்டு, கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்.

"நொட்டாங்கையால ஆசீர்வாதம் பண்றான்" என்றார் ஆச்சி.

கண்ணாடிக்குள் போனால் வலது கை இடது கையாகத்தானே ஆகும். அடுத்து, படத்தை அப்படியே அரைச் சுற்றுச் சுற்றினார். தலை தெற்கே, கை வலது கை, இரண்டும் சரி. ஆனால் செட்டியார் கட்டிலோடு விட்டத்தில் ஒட்டிய பல்லி மாதிரித் தொங்கினார். சமையல்கட்டிலிருந்து வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். கால் சுற்றுக்கு அந்தப் பெட்டியிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்ததாகவும், முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"பெட்டி சரிங்கிறதை ஆச்சி வேண்டாங்கிறாக. ஆச்சி சரிங்கிறதைப் பெட்டி வேண்டாங்குது." முதல்முறையாக அவர் குரல் இறங்கியதைக் கேட்டேன்.

படத்தைப் பழையபடி வைத்தார். நேரம் நெருங்கியது. ஆச்சி அணைக்கச் சொன்னார். உள்ளறைக் கதவைப் பாதி திறந்துகொண்டு, முழு அலங்காரத்தில் தேனம்மை நின்றாள். சத்தமே போடாமல் தகப்பனாரின் திரையைக் காட்டினாள்.

"அப்பச்சிய அணைச்சா நான் வெளிய வரமாட்டேன் அயித்தை."

திரையில் செட்டியார், என்ன நடக்கிறது என்று தெரியாமல், எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டாவருமா லேப்டாப்பை மூடினார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி எதிர்ச் சுவரைப் பார்த்தார். "டிவி எங்குட்டு நிக்குதுங்கிறதும் ஒரு குணந்தாண்ணே. அது பெட்டிக்குள்ள இல்லாததால நான் பாக்கல" என்றார். கிழக்குச் சுவரில் நிறுத்திவிட்டால், வலது கைப்பக்கம் தெற்காகிவிடுமாம். படத்தில் எதையும் தொட வேண்டாமாம். எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. டைரியில் படம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் செட்டியாரின் தலை வேறு வேறு பக்கம் வருகிறது.

நான் நடைமுறையாக ஒன்று சொன்னேன். அணைத்துவிட்டுத் தூக்கலாம், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம், யாரும் எதையும் பாதியில் பார்க்க மாட்டார்கள். அவருடைய கொள்கையும் அதுதானே.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "கல்யாண வீட்டுல அவுகளை அணைச்சுட்டுத் தூக்கிட்டுப் போவாகளா?"

அதுவரை ஒரு திரையையும் கையால் தொட்டறியாத மனிதர் ஸ்டாண்டின் ஒரு மூலையைப் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் மற்ற மூலைகளைப் பிடித்தார்கள். திரை அணையாமல் இருக்க, யுபிஎஸ் பாட்டரிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வெள்ளை விரிப்பு, தலையணை, சலைன் பாட்டிலோடு செட்டியார் வளவுக்கு நடுவே மெல்ல நகர்ந்தார். நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதுபோல மல்லாரியை எடுத்தார். ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரையைக் கும்பிட்டார்.

மதுரையில் இருந்தபடியே கேமரா வழியாகத் தூண்கள் நகர்வதைப் பார்த்த செட்டியார், "ஏம்ப்பா, நான் எங்குட்டுப் போறேன்?" என்றார்.

"கெழக்க போறீக. ஆட்டாம கொண்டுபோறோம்" என்றார் கேட்டாவருமா, மூச்சு வாங்க.

செட்டியாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வழியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். எப்ப வந்தீக, பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தீகளா என்று விசாரித்தார். ஒரு தூணருகில், "நில்லு, நில்லு. சம்பந்தி இருக்காக" என்று நிறுத்தினார். நிறுத்தினோம். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்றார்.

"பலகாரம் சாப்டீகளா? வாசல்ல நின்னு கூப்புட முடியல. மனசுல வச்சுக்காதீக."

"நீங்கதான் வீடு பூராம் நடந்து வந்து கூப்புடுறீகளே" என்றார் சம்பந்தி. 

கிழக்குச் சுவரில் இறக்கினோம். தலை தெற்கே இருந்தது. உமையாள் ஆச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார். தேனம்மை வெளியே வந்தாள். திருப்பூட்டின்போது செட்டியார் கையைத் தூக்கினார். வலது கைதான்.

சாப்பாட்டுப் பந்தியில் கேட்டாவருமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விழுந்தன. அவர் வந்ததை வந்தபடியே சாப்பிட்டார். மோர் வரும்போது, "நடுக்கோலத்தை எல்லாரும் பாத்துட்டாகண்ணே" என்றார், வருத்தமாக. கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று அதை மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன்.  ராத்திரி பஸ் நிலையத்தில் அவரை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து டைரி எழுதினேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னால் பண்ணுவீர்களா என்று அவரிடம் கேட்டேனே தவிர, பண்ணுங்கள் என்று சொல்ல விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை எழுந்து, முதல் வேலையாக, மோட்டார்கூடப் போடாமல் மெஸ்ஸுக்குப் போனேன். "முருகேசா, இட்லி, வடை, காப்பி மூணும் ஒண்ணாக் கேட்டா வருமா?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். எதிர் நாற்காலியைப் பார்த்தான். உள்ளே போய் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தான். நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.