தலைகீழாகத் தொங்கும் அப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தின் மேல் பழி போடாதே, எல்லாம் பயம். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் முதல் சொல்லே பொய்யாகிவிடும். அதனால் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்: நீயும் அத்தானும் சௌக்கியமா?

ஏழு மாதமாக நான் படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். நன்றாக வந்த பிறகு உன்னிடம் சொல்லலாம் என்றிருந்தேன், வரவே இல்லை. வாத்தியார் கிடையாது, போனில் வீடியோதான். சாயங்காலம் வாண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் தன் பாட்டுக்கு எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பாள், எதிரே நான் என் நோட்டில் வரைவேன். முழு ஆளைத் தொடாதே, தினம் பத்து கை வரை, மணிக்கட்டோடு நிறுத்து என்றது ஒரு வீடியோ. கண்ணைத் தனியாகப் பழகு என்றது இன்னொன்று. தெரிந்த முகத்தின் போட்டோவைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைந்தால் மூளை ஏமாந்துபோய்க் கை ஒழுங்காகப் போகும் என்றது மூன்றாவது. நானும் இவருடைய கல்யாணப் போட்டோவைக் கவிழ்த்து வைத்து வரைந்தேன். நடுவில் வாட்டர்கலரில் தக்காளி போடப்போய், தண்ணீர் அதிகமாகி, சிவப்பு வழிந்து, கைகள் இருந்த பக்கமெல்லாம் ஓடிவிட்டது. காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு வகுப்பு டீச்சர் போன் செய்து, உடனே வாருங்கள், தனியாக வந்தால் நல்லது என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனால் டீச்சருக்குப் பக்கத்தில் குழந்தைகள் மனநல ஆலோசகர் என்று ஒரு அம்மா. மேஜை நிறையத் தாள்கள், வாண்டு பையில் இருந்தவையாம். பார்த்ததுமே, என் நோட்டிலிருந்து கிழித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று நினைத்தேன். உடம்பே இல்லாமல் முப்பது கை. மேலெல்லாம் சிவப்பு. ஒரு தாள் முழுக்க ஒற்றைக் கண்கள். கடைசித் தாளில் மீசை வைத்த ஒரு தலை, தலைகீழாக. வீட்டு மேஜையில் அது பயிற்சி, பள்ளிக்கூட மேஜையில் கொலைக்களம்.

ஆலோசகர் மெதுவாக ஆரம்பித்தார். "இது யாருன்னு கேட்டோம்மா. அப்பாவாம். அப்பாவைத் தலைகீழாப் போட்டாத்தான் சரியா வருவாருன்னு அம்மா சொன்னாங்களாம். வீட்ல உங்களுக்குள்ள ஏதாவது..."

நான் வாய் திறப்பதற்குள் மீதியும் வந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டதாம், தன் மகளை இடம் மாற்றச் சொல்லிவிட்டாளாம். இனி வாண்டுக்குத் தனி மேஜை, வாராவாரம் ஆலோசனை. அடுத்த வியாழக்கிழமை நானும் இவரும் சேர்ந்து போக வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை, அக்கா. தனி மேஜை.

மானத்தைப் பார்த்தால் பிள்ளை போய்விடும் என்று, "மிஸ், அதெல்லாம் நான் வரைஞ்சது" என்றேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க. பதினாறு வருஷமா பாக்கிறேன், அஞ்சு வயசுக் கோடு எனக்குத் தெரியாதா?"

ஏழு மாத உழைப்பு. ஒரு நிமிஷம் பிள்ளையை மறந்து கோபம்தான் வந்தது. ஆலோசகர் பென்சிலை நீட்டி, ஒரே ஒரு கை வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். நடுக்கத்தில் அது இஞ்சித் துண்டு மாதிரி வந்து தொலைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அவ கை எவ்வளவோ தேவல" என்றார்.

இவரிடம் வியாழக்கிழமை லீவு போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எதுக்கு, வாண்டுக்குப் பரிசு குடுக்கறாங்களா என்று கேட்டார்.

நீ பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், உன் பேச்சுக்கு மரியாதை உண்டு. என் கை சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தா. நான் வரைந்த மாட்டைப் பார்த்து, நாற்காலியா என்று நீ கேட்டாயே, அதையும் விடாமல் எழுது.

அத்தானுக்கு வணக்கத்தை மட்டும் சொல், விஷயத்தைச் சொல்லாதே. உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அவர்கள் நூறு வயது நன்றாக இருக்கட்டும், பென்சில் இல்லாமல்.

நடுங்கியபடி,
உன் தங்கை

பி.கு.: வியாழக்கிழமைக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று, உறையை ஒட்டுமுன் நான் படம் வரையும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. கைகள், கண்கள், தக்காளி வழிந்த பக்கம், தலைகீழ் அப்பா, எல்லாம் அப்படியே உள்ளே இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் பார்த்தவை என்னுடையவை இல்லை, அக்கா. எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்து, வழிந்த சிவப்பு உட்பட ஒன்று விடாமல் அவளே வரைந்திருக்கிறாள். இப்போது யோசித்தால், அங்கே ஒவ்வொரு கையிலும் கட்டைவிரல் சரியான பக்கத்தில் இருந்தது. மீசையும் இவர் மீசையேதான். என் நோட்டில் அது பல் துலக்கும் பிரஷ். ஆகவே அந்தக் கடிதம் வேண்டாம். பெற்ற பிள்ளையின் படத்தை என்னுடையது என்று இரண்டு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், வியாழக்கிழமை எந்த முகத்தோடு போவது என்று மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.