பிளாஸ்டிக் கைக்கு வந்த வாதம்

மூடிக்கிடந்த சினிமா தியேட்டர் ஒன்று திடீரென்று ஹவுஸ்ஃபுல் ஆனது. படம் எதுவும் ஓடவில்லை. உள்ளே ஒருவர் தண்ணீருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆமாம், தண்ணீருக்குத்தான். மனிதர்களுக்கு நடத்தினால் குறுக்கே கேள்வி கேட்பார்கள். தண்ணீர் கேட்காது.

எல்லோரும் அவரை நீர்வாத்தியார் என்றார்கள். வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, பின்னால் கூரை வரை அடுக்கிய வெள்ளைக் கேன்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த உறுப்புகளையே அடிக்கிற நோய்கள் இருக்கின்றன அல்லவா, அத்தனைக்கும் ஒரே காரணம் தாகம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

"உடம்பு காஞ்சுபோனா அதுக்குப் புத்தி மங்கிடும். வீட்டுக்காரன் யாரு, திருடன் யாருன்னு தெரியாம கண்டபடி அடிக்கும். நான் தண்ணிக்கு ஆள் அடையாளம் சொல்லிக் குடுத்து உள்ள அனுப்பறேன். அது போய் உடம்புக்குச் சொல்லிடும்" என்று மைக்கில் விளக்குவார். கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. டாக்டர்கள் ஆயுசு முழுக்கப் படித்தும் பிடிபடாத இந்த உண்மை, அவருக்குக் குளிக்கும்போது பிடிபட்டதாம்.

வரிசை டிக்கெட் கவுன்ட்டரைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டது. அதில் பொம்மையக்காவும் நின்றாள். பெரிய துணிக்கடை ஒன்றின் ஷோகேஸில் நிற்கும் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டி, சுருக்கம் எடுத்து, குண்டூசி குத்தி நிறுத்துவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். ஊசி பிடிக்கிற அந்த விரல்களில்தான், அப்படி ஆள் தெரியாமல் அடிக்கிற நோய்களில் ஒன்றான முடக்குவாதம் வந்து உட்கார்ந்திருந்தது. காலையில் எழுந்தால் கை முஷ்டியாகவே இருக்கும். வெந்நீரில் வைத்து ஒவ்வொரு விரலாகக் கெஞ்சிப் பிரிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் தேவலை, ஆனால் முழுசாக விடவில்லை. முழுசாக விடாத நோய்க்காரர்கள்தான் வாத்தியாருக்குத் தேவை.

"இன்னொருதரம் யோசிக்காதீங்க அண்ணி. என் தோழியோட மாமியார் நடக்கவே மாட்டாங்க, இப்ப ஓடறாங்க" என்று இழுத்துவந்தது நாத்தனார். அந்த மாமியாரை நாத்தனார் நேரில் பார்த்ததில்லை. ஓடுகிறவரை எப்படிப் பிடிப்பது?

வாசலில் தட்டில் ஈரத்துண்டுகள் அடுக்கியிருந்தன. ஆளுக்கு ஒன்று எடுத்துக் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மேடை. மேடையில் கண்ணாடிக் கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர். வாத்தியார் கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர் கையை முக்க வேண்டும்.

பொம்மையக்கா முக்கினாள். தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு விஷம்!" என்ற வாத்தியார், பாடம் படித்த தண்ணீரைக் கொஞ்சம் அதில் ஊற்றினார். ரோஸ் மறைந்து கிண்ணம் பளிச்சென்று ஆனது. கூட்டம் கைதட்டியது. "மாத்திரையை நிறுத்துங்க. அதுதான் உள்ள வறட்டுது. கேன் தண்ணியை முட்ட முட்டக் குடிங்க."

கூட வந்த பாவத்துக்கு நாத்தனாரும் கையை விட்டாள். ரோஸ்தான். ஜலதோஷம்கூட வராத உடம்பு அது. "எனக்கும் இருந்திருக்கு அண்ணி, எனக்கே தெரியலை!" என்று அவளும் ஒரு கேன் வாங்கினாள்.

முதலில் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்ட மாத்திரையின் மிச்சம் உடம்பில் இருந்தது. அதனால் வந்த நல்ல பெயரைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. பிறகு விரல்கள் வீங்கின. மணிக்கட்டு சிவந்தது. கடையில் ஒரு பொம்மை பாதி உடுப்போடு தெருவைப் பார்த்து நின்றது. முதலாளி வந்து கத்தினார். பொம்மையக்கா தியேட்டருக்கு ஓடினாள்.

"வலி கூடுதா? பாடம் உறைக்குதுன்னு அர்த்தம். இன்னும் குடிங்க" என்றார் வாத்தியார்.

வலி குறைந்தால் தண்ணீரின் வெற்றி. கூடினாலும் தண்ணீரின் வெற்றி. தோற்கவே முடியாத பரீட்சையை எழுதுகிறவர் வாத்தியார் ஆகாமல் வேறு யார் ஆவார்?

வரிசையில் அவளுக்குப் பழக்கமானவர் பாட்டு டீச்சர். அவருக்கும் இதே வகை நோய்தான், சிறுநீரகத்தில். மாத்திரையை விட்டுவிட்டு, சொன்னபடி முட்ட முட்டக் குடித்தார். முகம் உப்பியது. "பூசினாப்பல ஆயிட்டீங்க டீச்சர்" என்று பாராட்டினார்கள். ஒரு நாள் காலையில் வரிசையிலேயே மூச்சு வாங்கிச் சரிந்தார். வாத்தியாரின் ஆட்கள் ஓடிவந்தார்கள், தண்ணீர் கொடுக்க. பொம்மையக்கா தட்டிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது பொம்மையக்காவுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த அதே டாக்டரம்மா. டீச்சரை உள்ளே சேர்த்துவிட்டு வந்ததும் பொம்மையக்காவின் கையைத்தான் பார்த்தார். "மாத்திரையை விட்டுட்டீங்க."

"தண்ணி குடிச்சா போதும்னாங்க."

"தண்ணி குடிங்கன்னு நானும்தானே சொன்னேன்? வாய் வறண்டா, அசதியா இருந்தா, வெயில்ல நின்னா தண்ணி வேணும். உங்களுக்கு நல்லதுதான். ஆனா உள்ள நடக்கற அடிதடியை அது நிறுத்தாது. அதுக்குத்தான் மாத்திரை. டீச்சருக்குக் கிட்னியே தண்ணியை வெளிய தள்ள முடியாம திணறுது. அவங்க அளந்து குடிக்கணும். எல்லாருக்கும் ஒரே அளவுன்னு சொல்றவன் யாரையும் பாக்கலைன்னு அர்த்தம்."

டீச்சர் பிழைத்தார். சிறுநீரகத்தில் போனது போனதுதான் என்றார்கள்.

மறுநாள் கடையில் பொம்மையக்காவுக்கு வேலை ஓடவில்லை. கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அந்த ரோஸ் நிறம் கண்ணிலேயே நின்றது. கண்ணால் பார்த்தது பொய்யா? தியேட்டரில் கை முக்கிய ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தாள். எல்லோருக்கும் ரோஸ். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற நாத்தனாருக்கும் ரோஸ். அத்தனை பேரில் ஆரோக்கியமான ஆள் ஒருவர்கூடவா இல்லை? அப்படியானால் நோயே வர முடியாத ஒரு கையை விட்டுப் பார்த்தால்?

எதிரே கை கழற்றி வைத்த பொம்மை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் துணிப்பையோடு போனாள். நாத்தனாரும் புதுக் கேன் வாங்க வந்திருந்தாள். பொம்மையக்கா ஒரு துண்டை எடுத்துப் பைக்குள்ளேயே கையைத் துடைத்தாள். தன் கையை அல்ல. மேடை ஏறினாள். வாத்தியார் கண்ணை மூடியதும் பிளாஸ்டிக் கையை எடுத்துக் கிண்ணத்தில் முக்கினாள்.

தண்ணீர் வெட்கப்பட்ட மாதிரி சிவந்தது.

முன்வரிசை வாயைப் பிளந்தது. பொம்மையக்கா உதட்டில் விரல் வைத்தாள்.

"ரொம்ப முத்திடுச்சா சாமி?"

"ரொம்ப" என்றார் வாத்தியார், கண்ணைத் திறக்காமல். "விரல் மடங்குதா?"

"ஒருநாளும் மடங்கினதில்லை."

"உணர்ச்சி?"

"குண்டூசி குத்தினாலும் தெரியாது."

"மாத்திரைங்க பண்ணின வேலை! கேன் தண்ணியை ஆறு மாசம் குடிச்சா அசையும்."

"அசைஞ்சா நான் வேலையை விட்டு ஓடிடுவேன் சாமி" என்று அந்தக் கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

சிரிப்பில் தியேட்டர் அதிர்ந்தது. அந்தக் கட்டடம் நகைச்சுவைப் படம் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வாத்தியார் கண்ணைத் திறந்தார். திறந்தவர் தளரவில்லை. "கடைக்கு வர்றவங்க நோயெல்லாம் அந்தப் பொம்மையில இறங்கியிருக்கு!"

சிலர் தலையாட்டவும் ஆரம்பித்தார்கள். அப்போது நாத்தனார் விடுவிடுவென்று மேடை ஏறினாள்.

"அண்ணி, துண்டு! துடைச்சா விரல் வழவழன்னு சோப்புத் தண்ணி மாதிரி இருக்குமே!" துண்டைத் தொடாமல், குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்தவருக்காக வாத்தியார் நிரப்பி வைத்திருந்த கிண்ணத்தில் முக்கினாள். தெளிவு. பொம்மையக்காவும் தன் வீங்கிய கையைக் கழுவிவிட்டு முக்கினாள். நிஜமான நோய் உள்ள கை. அதுவும் தெளிவு. "இப்ப நீங்க துண்டுல துடைச்சுட்டு முக்குங்க" என்று வாத்தியாரிடம் துண்டை நீட்டினாள் நாத்தனார். தண்ணீருக்கே பாடம் சொன்னவர் அந்தத் துண்டைப் பார்த்துப் பின்வாங்கினார்.

துண்டில் சலவை சோடா, கிண்ணத்தில் சோடா பட்டால் சிவக்கிற மருந்து, கேனில் அந்தச் சிவப்பை வெளுக்க வைக்கிற புளிப்பு. இதைப் பரிசோதனைக்கு அனுப்பிக் கண்டுபிடித்த அதிகாரிகள் வருவதற்குள், வாத்தியார் அடுத்த ஊருக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் பிடிபட்டார். கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். கடையில் வாங்கியது.

பொம்மையக்கா மாத்திரைக்குத் திரும்பினாள், நிறையத் தண்ணீரோடு. வீக்கம் மெல்ல இறங்கியது. இடது சுண்டுவிரல் மட்டும் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது.

தியேட்டரைப் பூட்டிய அன்று, வரிசையில் நின்ற ஒருவர் அவளைத் தனியாக ஓரம் கட்டினார்.

"ஆள் பிராடுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தத் துண்டுல ஏதோ சக்தி இருக்குல்ல? பிளாஸ்டிக்கையே சிவக்க வச்சிருக்கே! எங்க கிடைக்கும்?"

பொம்மையக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஷோகேஸில் நிற்க வைக்கலாமா என்று அளவெடுப்பவள் மாதிரி.

"துண்டு எங்க வேணா கிடைக்கும் சார். தலைக்கு உள்ள இருக்கறதைத்தான் கடையில விக்கறதில்லை. அது உங்ககிட்டயே இருக்கு, இன்னும் பிரிக்காம. ஒருதரம் பிரிச்சுப் பாருங்களேன்."