பச்சைமுடியானால் போன பாடு

"அடிக்கறதுன்னா அடிச்சித் தொலையேன்டா!" என்று போனைப் பார்த்துக் கத்தினான் இளவழகன்.

போனுக்குள்ளே பச்சை முடி வைத்த பையன் ஒருத்தன் கையை ஓங்கியபடி நின்றான். ஓங்கி வெகுநேரமாகிறது. எந்த அடி அடிக்கப்போகிறேன் என்று அதன் பெயரைச் சொன்னான், சின்ன வயசை நினைத்துப் பார்த்தான், கண் கலங்கினான். எதிரியும் பாவம், அதுவரை மரியாதையாகக் காத்திருந்தான். அடி மட்டும் விழவில்லை. அதற்குள் 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

"மாப்ள, நீ மீன் புடிக்க வந்தியா, படம் பாக்க வந்தியா?" என்றான் படகின் மறுமுனையில் இருந்த குப்பன். இளவழகனின் மனைவி மனோரமாவுக்கு அண்ணன். படகில் பாதிப் பங்கு அவனுடையது.

இளவழகனுக்கு இந்தக் கார்ட்டூன்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. எல்லாம் மகள் நந்தினியால் வந்தது. வேலூரில் நர்சிங் படிக்கிறவள், லீவுக்கு ஏரிக்கரை ஊரான பசியாவரம் வந்திருந்தாள். முன்னெல்லாம் நைனா நைனா என்று வாய் ஓயாமல் பேசின பெண், இப்போது "சாப்ட்டேன் நைனா", "சரி நைனா" என்று முடித்துக்கொண்டாள். இவனுக்கும் "சாப்ட்டியாம்மா"வை விட்டால் வேறு கேள்வி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவாள். அதற்குள் பெற்ற பெண்ணோடு பழையபடி நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவள் போன் ரிப்பேரில் இருந்ததால், வந்த அன்றே இவன் போனை வாங்கிக்கொண்டுபோய் உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தால் பச்சைமுடியான். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது சூப்பரா இருக்கும்மா" என்று ஒரு பொய்யை அடித்துவிட்டான்.

நந்தினி நிமிர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"தெரியும் நைனா. உனக்கு இதுல இன்னா புடிக்கும்?"

இளவழகன் அவசரமாகத் திரையில் கண்ணை ஓட்டினான். "படகு" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம்... வலை காயப்போட்டுக்கீறேன், பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று ஓடியே வந்துவிட்டான்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பார்த்துத்தானே ஆகவேண்டும்? காலையில் படகில் பார்த்தான். மத்தியானம் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பேசினான்.

"அது இல்லம்மா, அத்தினி பேரு படகுல போறானுங்க, ஒருத்தன் கையிலயாவது வலை கீதா? இன்னாத்த துன்றானுங்க?"

நந்தினிக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. இவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். ஆனால் தண்ணீரைக் குடித்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. "மத்த கார்ட்டூன்லலாம் இல்லாதது இதுல அப்படி இன்னா நைனா கீது?"

"நாளைக்கு சொல்றேன்."

"பேசறதுக்குக் கூட நாளைக்கா?" என்றாள் மனோரமா, குழம்பை ஊற்றிக்கொண்டே. அவளிடம் இருந்தது ஒரு பட்டன் போன். "ஒண்ணு, நீ படகுல தூக்கினு போற. இல்லாட்டி இவ தூக்கினு போறா. அந்தப் போனு கொஞ்ச நேரம் வீட்ல சும்மா கெடந்தா ஆவாதா?"

"ஏய், சும்மா இரு. அப்பனும் பொண்ணும் முக்கியமா பேசினு கீறோம்" என்றான் இளவழகன், பெருமை தாங்காமல்.

மறுநாள் அவர்களுடைய பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கும் முறை அது. தன் நாளை விட்டவன், சுற்று முடிந்து மறுபடி தன் முறை வரும்வரை அடுத்தவன் இறாலை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியத் தொடங்குமுன் வலை கட்டியாக வேண்டும். கொஞ்சம் நேரம் இருந்தது. இளவழகன் போனை எடுத்தான். குப்பன் முணுமுணுத்தான். அவன் வாயை அடைக்க இளவழகன் ஒரு யோசனை செய்தான்.

"நீயும் கொஞ்சம் பாரேன் மச்சான்."

அங்கேதான் கெட்டது. பச்சைமுடியானைக் கொல்ல வந்த எதிரி தண்ணீரில் முழுகிக்கொண்டிருந்தான். பச்சைமுடியானே குதித்து அவனை இழுத்து வந்தான். "எங்க படகுல எடம் கீது, வா" என்றான். குப்பன் மூக்கைச் சிந்தினான். இளவழகன் விக்கி விக்கி அழுதான். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தண்ணீர் வடிந்து, இறாலும் அதோடு போய்விட்டிருந்தது.

கரைக்கு வந்ததும், "காத்து சரியில்ல" என்று சொல்லி வைத்தான் இளவழகன். பக்கத்துப் படகுக்காரர்கள் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் காற்று எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்டது. சாயங்காலம் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"வேணான்னா அடுத்தவனுக்கு உட்டுக் குடுத்திருக்கணும். பாட்டை வீணாக்கலாமா? நெசத்த சொல்லு" என்றார் தலைவர் சின்னதம்பி.

கூட்டத்தில் நந்தினி நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொரு பொய் சொல்ல இவனுக்கு நாக்கு வரவில்லை.

"கார்ட்டூன் பாத்துனு இருந்தோம்ணா."

ஊரே கொல்லென்று சிரித்தது. குப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்படி இன்னாய்யா கீது அதுல?"

இத்தனை நாள் மகளுக்குச் சொல்லத் தெரியாமல் முழித்த பதில், அவமானத்தில் தானாக வந்தது.

"அந்தப் பையன் பெரிய பலசாலிலாம் இல்லண்ணா. தோத்துனேதான் கீறான். ஆனா தோக்கற எடத்துலலாம் ஒரு ஆளை சேத்துக்கிறான். நேத்து இவனை வெட்ட வந்தவன் இன்னிக்கு இவன் படகுல தண்ணி எறைக்கறான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஆசை. கேட்டா கிறுக்குத்தனமாத்தான் இருக்கும். ஆனா அந்தப் படகுல ஒருத்தனும் சிரிக்க மாட்டான், எல்லாருமா சேந்து துடுப்பு போடுவாங்க. அத பாத்தா அழுகை வராதா?"

யாரும் சிரிக்கவில்லை. "இனிமே படகுல போனைத் தொடக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்த தலைவர், அந்தக் கார்ட்டூன் பெயரென்ன என்று குப்பனிடம் தனியாக விசாரித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் நந்தினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"நைனா, கோச்சிக்காத. எனக்கு அந்தக் கார்ட்டூன் மொதல்ல புடிக்கவே இல்ல. உன் போன்ல பாதியில நின்னுனு இருந்துச்சி. நீ பாக்கறேன்னு நெனச்சேன். உன்கிட்ட இன்னா பேசறதுன்னே தெரியல, அதான் நானும் பாத்தேன்."

"நானா?" என்று வாயைப் பிளந்தான் இளவழகன். "அடிப்பாவி, நீ பாக்கறேன்னுதானே நான் பாத்தேன்! பாட்டையே உட்டேனே!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அப்பனும் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"இரு, இரு" என்று திடீரென்று நிறுத்தினான் இளவழகன். "அப்ப என் போன்ல அத யாரு பாத்தது?"

தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்த மனோரமா திரும்பினாள்.

"அத அப்புறம் ஆராய்ச்சி பண்ணுங்க. கோச்சிக்கினு படகை உட்டு எறங்கிப் போனாளே அந்தப் பொண்ணு, அவ திரும்பி வந்தாளா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க, நீங்க போனைப் புடுங்கிக்கினதுல இருந்து எனக்கு சோறே எறங்கல!"